தணிகாசலம் எழுதிய இரண்டு குறிப்புகள்

ஒரு காட்டில் ஒரு செவிலியர் கல்லூரி இருந்தது. அதே காட்டில் சிங்கமும் இருந்தது, புலியும் இருந்தது. ஆனால் காட்டார் எல்லோரும் பயந்தது கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த உடும்புக்குத்தான். அவர் பெயர் தணிகாசலம். சிங்கத்திடமிருந்தாவது ஓடித் தப்பிக்கலாம். தணிகாசலத்திடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எங்கே ஓடுவது? ஒரிஜினல் சான்றிதழ்கள் அவரிடம் அல்லவா இருக்கும்.

இருபத்திரண்டு வருட சர்வீஸில் தணிகாசலம் எத்தனையோ ரசீது எழுதியிருக்கிறார், உறை ஒட்டியிருக்கிறார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஒரே ஒரு குறிப்பால். பதினோரு வருடத்துக்கு முன்பு எழுதியது.

அந்த வருடம்தான் முதன்முதலாக இணையப் பள்ளிச் சான்றிதழ்கள் கல்லூரிக்கு வந்தன. மொத்தம் ஐந்து. அவற்றில் ஒன்று, ஆற்றோரம் கடை போட்டு 'மூன்றே நாளில் பிளஸ் டூ' என்று தட்டி வைத்திருந்த ஒரு நரி அச்சடித்தது. அதில் 'வேதியியல்' என்பதை 'வேதியல்' என்று போட்டிருந்தான். மற்ற நான்கும் உண்மையானவை. இரண்டு வருடம் பாடம் கேட்டு, பரீட்சை எழுதி வாங்கியவை. எது நரியுடையது, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். தணிகாசலம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து இப்படி எழுதினார்:

"பள்ளிக்கு நேரில் செல்லாதவர் நோயாளியிடமும் நேரில் செல்லமாட்டார் என்று கருத இடமுள்ளதால், இத்தகைய சான்றிதழ்கள் அனைத்தையும் நிராகரிக்கலாம்."

கல்லூரி முதல்வர் கஜலட்சுமி அம்மாள் ஒரு யானை. மேசைக்கு வரும் எதிலும் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம்; படிப்பது வழக்கமில்லை. போட்டார். அன்றிலிருந்து அது 'தணிகாசலம் குறிப்பு' ஆகிவிட்டது. பக்கத்துக் காட்டுக் கல்லூரிகளெல்லாம் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டன. மரம் வெட்டும் கம்பெனியிலும் தேன் டிப்போவிலும்கூட வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதையே காட்டினார்கள். தேன் டிப்போவில் எங்கே நோயாளி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது, இந்தத் தணிகாசலத்துக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவர் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான்.

கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, ஃபைல் தூக்கி, மெதுவாக மேலே வந்தவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு மேலே கண்காணிப்பாளராக இருந்த கரடி கோதண்டம் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும் தணிகாசலம் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கண்காணிப்பாளர் நாற்காலிக்குப் பிளஸ் டூ கட்டாயம். அடுத்த மேசையில் இருந்த கீரி சுகுமாரனுக்கு வெறும் ஆறு வருட சர்வீஸ்தான். ஆனால் பிளஸ் டூ இருந்தது. அதை அவனும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

"நானெல்லாம் ரெகுலர் சார்" என்பான், டீ குடிக்கும்போது. "டெய்லி ஸ்கூலுக்குப் போய்ப் படிச்சது."

அவன் படித்த பள்ளியில் இரண்டு வருடமும் இயற்பியலுக்கு ஆசிரியர் கிடையாது. கணக்கு ஆசிரியர் தேர்தல் வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. இருந்தாலும் சுகுமாரன் தினமும் போனான், உட்கார்ந்தான், வந்தான். வருகைப் பதிவு தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

உடும்பு ஒரு கீரிக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வதா? தணிகாசலத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பகலில் பள்ளிக்குப் போகலாமென்றால் வேலை இருக்கிறது, வயதும் நாற்பத்தாறு. யோசித்து யோசித்து, ஒருநாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் இணையப் பள்ளி ஒன்றில் பதிவு செய்தார். எந்தப் பள்ளியின் சான்றிதழை அதிகமாக நிராகரித்தாரோ, அதே பள்ளி. அதன் முகவரிதான் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. கேமராவை அணைத்து வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பதில் எண். தணிகாசலத்துக்கு முப்பத்தேழு. நாரை டீச்சர் திரையில் ஒற்றைக் காலில் நின்றபடி பாடம் நடத்துவார். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்டுக்கொள்வார்கள்.

அங்கே தணிகாசலத்தின் முதல் செய்தி இது: "பார்வையில் காணும் பாடத்தில் நிகழ்தகவு என்னும் பகுதி தெளிவுபட இல்லாமையால், விளக்கம் கோரப்படுகிறது."

யாரும் பதில் சொல்லவில்லை. பள்ளியே விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்கிறது என்று நினைத்துப் பயந்துவிட்டார்கள். முப்பத்தெட்டாம் எண் மட்டும் பதில் எழுதியது.

"ரொம்ப ஈஸிண்ணா. ஒரு பையில மூணு சிவப்புப் பந்து, ஏழு கறுப்புப் பந்து இருக்குன்னு வைங்க..."

"பந்துகளுக்கும் எனக்கும் தொடர்பில்லை. விண்ணப்பங்களாகச் சொன்னால் புரியும்."

முப்பத்தெட்டு சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பியது. "சரிண்ணா. ஒரு மேசை மேல பத்து விண்ணப்பம். அதுல மூணு ஓகே, ஏழு ரிஜெக்ட். கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுக்கறீங்க. அது ஓகே ஆனதா இருக்க என்ன வாய்ப்பு?"

"பத்தில் மூன்று."

"கரெக்ட்!"

"நடைமுறையில் வாய்ப்பு பூஜ்யம்" என்று தணிகாசலம் பதில் எழுதினார். ஆனாலும் பாடம் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவரிடம் 'கரெக்ட்' என்று சொன்னதில்லை. அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

இப்படியே இரண்டு வருடம். 'முப்பத்தேழு அண்ணா' என்று அது கூப்பிடும். 'முப்பத்தெட்டம்மா' என்று இவர் கூப்பிடுவார். கணக்கு முழுவதும் முப்பத்தெட்டு சொல்லிக் கொடுத்தது. பதிலுக்கு இவர் விடுமுறை விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தார். தேர்வு மட்டும் நேரில் எழுத வேண்டும். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தணிகாசலம் இரண்டு காடு தள்ளி ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்தார். வாலில் வலி என்று பத்து நாள் மருத்துவ விடுப்பு எடுத்தார். கணக்கில் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கிப் பாஸானார். தேர்ச்சிக்கு வேண்டியது முப்பத்தைந்து.

சான்றிதழ் வந்தது. தணிகாசலம் அதைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதைக் கல்லூரியில் கொடுத்தால் முதலில் நிராகரிக்க வேண்டியவர் அவரே.

அந்த முப்பத்தெட்டாம் எண் ஒரு முள்ளம்பன்றி. பெயர் செங்கமலம், வயது பதினெட்டு. பதினொன்றாம் வகுப்பில் அவளும் பள்ளிக்குத்தான் போனாள். நான்கே நாள். பக்கத்தில் உட்கார்ந்த முயலுக்கும் முன்னால் உட்கார்ந்த மானுக்கும் கட்டுப்போட வேண்டியதாகிவிட்டது. தலைமை ஆசிரியர் அவள் அம்மா மரகதவல்லியைக் கூப்பிட்டு, "குழந்தை நல்லா படிக்கிறா. ஆனா தூரமா இருந்து படிச்சா இன்னும் நல்லா படிப்பா" என்று பக்குவமாகச் சொன்னார்.

செங்கமலத்துக்கு நர்ஸ் ஆக வேண்டும். காரணம் இருந்தது. முள்ளம்பன்றிகள் குடியிருந்த பாறைச் சரிவுக்கு எந்த நர்ஸும் வருவதில்லை. ஊசி போடப் போனால் நமக்கே ஊசி ஏறும் என்று சொல்லிவிடுவார்கள். போன மழைக்காலத்தில் மரகதவல்லிக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது, ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை ஆள் அனுப்பியும் ஒருவரும் வரவில்லை. குழந்தை தங்கவில்லை. அதற்கு மறுவாரமே செங்கமலம் கல்லூரி விண்ணப்பம் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள்.

சேர்க்கைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை அவள் ஜன்னலுக்கு வந்து நின்றாள். அம்மா வெளியே பலா மரத்தடியில் காத்திருந்தாள்.

தணிகாசலம் விண்ணப்பத்தை வாங்கினார். மதிப்பெண்ணைப் பார்த்தார், கணக்கில் தொண்ணூற்றெட்டு. பள்ளியின் பெயரைப் பார்த்தார். நாக்கு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது. பதிவெண்ணைப் பார்த்தார். முப்பத்தெட்டு.

இந்த இடத்தில் வழக்கமான கதையாக இருந்தால் உடும்பின் கண் கலங்கியிருக்கும். தணிகாசலத்துக்கும் 'முப்பத்தெட்டம்மா' என்று நாக்கு நுனிவரை வந்தது உண்மைதான். ஆனால் அடுத்த மேசையில் சுகுமாரன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடப் பழக்கம் வேறு. மனசு ஒரு முடிவுக்கு வருவதற்குள் வாய் பேசிவிட்டது.

"பார்வையில் காணும் சான்றிதழ் இணைய வழியில் பெறப்பட்டதாகத் தெளிவுபடுவதால், ஏற்பதற்கில்லை."

கையும் தானாகவே போய் முத்திரையை எடுத்தது. விண்ணப்பத்தின் மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று விழுந்தது.

செங்கமலம் முத்திரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"பார்வையில் காணும்..." என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு ஜன்னல் கம்பிக்கு அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்: "அண்ணா... நீங்க முப்பத்தேழா?"

தணிகாசலத்தின் செதில் ஒவ்வொன்றும் குளிர்ந்தது.

"நான் எண் இல்லம்மா. பிரிவு எழுத்தர். அடுத்த ஆள் வரலாம்."

"உங்க சர்டிபிகேட் வந்துடுச்சாண்ணா?"

"அடுத்த ஆள்!"

அவள் கத்தவில்லை, அழவில்லை. விண்ணப்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, சான்றிதழ்களை மட்டும் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பலா மரத்தடியில் விஷயத்தைக் கேட்ட மரகதவல்லிக்குத்தான் முதுகு முழுக்க முள் சிலிர்த்து நின்றது.

"அவன் ஜன்னல்லதானே உக்காந்திருக்கான்? முதுகைக் காட்டி ஒரே ஒரு தடவை உதறிட்டு வாடி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"வேணாம்மா. பாவம் அவர்."

"யாரு பாவம்? நீயா, அவனா?"

"அவருக்கும் இதே சர்டிபிகேட்தாம்மா. அவர் ஆபீஸே ஒத்துக்காது. அவருக்கு அது இன்னும் தெரியல போல."

மரகதவல்லி தன் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை முள்ளோடு பெற்றும் இந்தப் பெண் இப்படி வளர்ந்துவிட்டதே என்று அவளுக்கு ஆயாசமாக இருந்தது.

சாயங்காலம் ஆறரை மணிக்குத் தணிகாசலத்தின் செல்போனில் செய்தி வந்தது.

"அண்ணா, உங்க சர்டிபிகேட்டையும் உங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். கீரி சார் உங்களையே பார்த்துட்டிருந்தார். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. பார்த்துப் பண்ணுங்க. 38."

செங்கமலம் இதை எழுதும்போது அவள் மனதில் அவர் மேல் இரக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கணக்கில் முப்பத்தாறு வாங்குவதற்கு அந்த மனுஷர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

ஆனால் தணிகாசலம் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். இரக்கம் எந்த வடிவத்தில் வரும் என்பது அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு தபாலை அவர் பதிவு செய்ததே இல்லை. அவர் அந்தச் செய்தியை இப்படிப் படித்தார்: உன் சான்றிதழும் செல்லாமல் போகும். கீரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்து நடந்துகொள்.

'இன்னும்' என்ற சொல் செய்தியில் இல்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

"அடேயப்பா" என்று வியந்தார். "பதினெட்டு வயசுல என்ன கைதேர்ந்த மிரட்டல்! ஒரு வார்த்தையைப் பிடிச்சுக் கேஸ் போட முடியாதே!"

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

எழுதுவது சுலபமாக இல்லை. முந்தைய குறிப்பு தவறு என்று எழுதினால், எழுதியவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், எழுதியவர் அவரே. சரி என்று எழுதினால் நாற்காலி போய்விடும். நான்கு முறை கிழித்துப் போட்டார். ஐந்தாவது முறை இப்படி வந்தது:

"பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு அன்றைய தேதியில் முற்றிலும் சரி. இன்றைய தேதி வேறு என்பதால் இக்குறிப்பும் முற்றிலும் சரி. எனவே, காட்டின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதும், தேர்வை நேரில் நடத்துவதுமான இணையப் பள்ளிகளின் சான்றிதழ்களை, அந்தப் பள்ளியிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, மாணவர் சேர்க்கைக்கும் ஊழியர் பதவி உயர்வுக்கும் ஏற்கலாம்."

வியாழக்கிழமை காலை அதை முதல்வர் மேசையில் வைத்தார். கஜலட்சுமி அம்மாள் வழக்கம்போலப் பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுவதற்கு முன்னால் சுகுமாரன் உள்ளே நுழைந்துவிட்டான்.

"அம்மா, கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அம்மாளுக்கே புதுமையாக இருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.

"ஏன்யா தணிகாசலம், வேண்டாம்னு எழுதினதும் நீதானே?"

"ஆமாங்கம்மா. வேணும்னு எழுதியிருக்கறதும் நான்தான். ஒரே கையெழுத்துதான். முரண்பாடு இல்லீங்க."

"இதுல உனக்கு என்னய்யா?"

தணிகாசலம் குறிப்பின் கீழே செருகியிருந்த இணைப்பை எடுத்துக் காட்டினார். அவருடைய சான்றிதழ். சுகுமாரன் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரித்தான்.

"நினைச்சேன்! வால் வலின்னு பத்து நாள் லீவு போட்டப்பவே நினைச்சேன். அம்மா, கட்டில்ல படுத்துக்கிட்டுப் படிச்சதுக்கும் நாங்க ரெகுலரா போய்ப் படிச்சதுக்கும் வித்தியாசம் வேண்டாமா?"

"வித்தியாசம் பாத்துட்டா போச்சு" என்றார் அம்மாள். ஒரு காலத்தில் அவர் கணக்கு ஆசிரியை. மேசை மேல் இருந்த விண்ணப்பங்களைத் துதிக்கையால் தட்டினார். "இதுல பத்து இருக்கு. மூணு சேர்க்க வேண்டியது, ஏழு தள்ள வேண்டியது. கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்துத் திருப்பி வெக்காம இன்னொண்ணையும் எடுக்கறேன். ரெண்டுமே சேர்க்க வேண்டியதா இருக்க என்ன வாய்ப்பு? சுகுமாரா, நீ சொல்லு."

சுகுமாரன் விட்டத்தைப் பார்த்தான். "அது வந்துங்கம்மா... அந்தப் பாடத்தை நாங்க சாய்ஸ்ல விட்டுட்டோம்."

"பதினைந்தில் ஒன்று" என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார்.

கஜலட்சுமி அம்மாளின் காது இரண்டும் ஒருமுறை விசிறின. ஆனாலும் அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒரு கணக்குக்கு விடை தெரிந்ததை வைத்தா சட்டத்தை மாற்றுவது? ஊர் என்ன சொல்லும்? பேனாவை மூடப் போனார்.

அப்போது தணிகாசலம் தயங்கித் தயங்கி இன்னொரு விஷயத்தைச் சொன்னார்.

"அம்மா, பெருமழை வருஷம் ஞாபகம் இருக்குங்களா? பதினெட்டு மாசம் நம்ம கல்லூரியே செல்போன்லதான் நடந்தது. ஊசி போடறதைத் திரையில காட்டினோம். பிள்ளைங்க வீட்டுல வெள்ளரிக்காய்க்குப் போட்டுப் பார்த்துப் பாஸானாங்க."

"அதுக்கென்ன?"

"இணையத்துல படிச்சது செல்லாதுன்னா, அந்த பேட்ச் சர்டிபிகேட்டையும் திருப்பி வாங்கணுமேன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயமா இருக்குங்க. பாப்பாகூட அந்த பேட்ச்தான்."

அம்மாளின் மகள் பூங்கோதை சிங்க ராஜாவின் சொந்த ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். போன மாதம்தான் ராஜாவுக்கே தடுப்பூசி போட்டிருந்தாள். ராஜா ஒரு வாரம் உட்காரவில்லை என்பது வேறு விஷயம்.

கஜலட்சுமி அம்மாள் சுகுமாரனைப் பார்த்தார்.

"சுகுமாரா, நீ போய் உன் வேலையைப் பாரு." கதவு சாத்தியதும் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "கல்விங்கறது எந்த வழியா வந்தா என்னய்யா? அறிவுதானே முக்கியம்? நான் எப்பவுமே இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"ஆமாங்கம்மா. எப்பவுமே சொல்வீங்க."

கையெழுத்து விழுந்தது.

மேசைக்குத் திரும்பிய தணிகாசலம் செங்கமலத்தின் பள்ளிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்தில் ஒரு கொக்கு எடுத்துப் பதிவேட்டைப் புரட்டி, பெயர், எண், மதிப்பெண் எல்லாம் சரி என்றது. மின்னஞ்சலில் ஒரு கடிதமும் அனுப்பி வைத்தது. பதினோரு வருடமாக யாருமே செய்யாத அந்த வேலைக்கு மொத்தம் நான்கு நிமிடம் ஆனது.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. விண்ணப்பத்தின் மேல் ஏற்கனவே 'நிராகரிக்கப்பட்டது' என்று குத்தியாயிற்று. கல்லூரியில் 'ஏற்கப்பட்டது' என்று ஒரு முத்திரை இருந்ததாகவும், பயன்பாடு இல்லாமல் கரையான் அரித்துவிட்டதாகவும் சொன்னார்கள். தணிகாசலம் கொஞ்சம் யோசித்து, பழைய முத்திரைக்கு மேலேயே அதே முத்திரையை இன்னொரு முறை குத்தினார். ஓரத்தில், 'நிராகரிப்பு நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் செங்கமலம் கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் அவளுக்குத் தனி இருக்கை போட்டார்கள், நான்கு பக்கமும் இரண்டு கஜம் விட்டு. அதே மாதத்தில் தணிகாசலம் கண்காணிப்பாளர் ஆனார். சுகுமாரன் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். வைத்துவிட்டு, மறுநாளே தபால் வழிப் பட்டப்படிப்பு ஒன்றுக்கு ரகசியமாக விண்ணப்பம் வாங்கி வந்தான். பட்டம் வாங்கினால் தணிகாசலத்தைத் தாண்டலாமாம். தேன் டிப்போவுக்கும் மரக் கம்பெனிக்கும் புதுக் குறிப்பின் நகல் போயிற்று. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் அவர்கள் படிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள். பழையதையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவில் எல்லோரும் சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் செங்கமலம் நன்றி சொல்ல வந்துவிட்டாள்.

புது அறையில் புது நாற்காலியில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னம்மா, எல்லாம் நீ கேட்டபடி பண்ணிட்டேன்ல? அந்த மெசேஜை அழிச்சுட்டியா?"

"எந்த மெசேஜ் சார்?"

"தெரியாத மாதிரி பேசாத. மிரட்டினியே, புதன்கிழமை சாயங்காலம்."

செங்கமலம் விழித்தாள். "மிரட்டினேனா? நானா?"

"'யார்கிட்டயும் சொல்லல, பார்த்துப் பண்ணுங்க'ன்னா அதுக்கு வேற என்னம்மா அர்த்தம்?"

"ஐயோ அண்ணா! உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுதேன்னு பயந்து போய் எழுதினேன். எனக்கு சீட் இல்லைன்னு ஆனதுக்கப்புறம், உங்களுக்காவது கெட்ட பேர் வராம இருக்கட்டுமேன்னுதான். நான் போய் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"அப்போ... நான் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா?"

"பக்கத்துக் காட்டுல கேட்டிருப்பேன். இல்லைன்னா அடுத்த வருஷம் மறுபடியும் வந்திருப்பேன். உங்களைப் பத்தி வாயே திறந்திருக்க மாட்டேண்ணா. சத்தியமா."

தணிகாசலம் அவள் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறவர்களை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருடம் பார்த்தவர் அவர். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

அவருக்கு வந்த துக்கம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு காரணமும் இல்லாமல் நல்லது செய்து தொலைத்துவிட்டோமே! சர்வீஸில் முதல் முறையாக! எவ்வளவு பயந்தோம், எத்தனை காகிதம் கிழித்தோம்! தனக்கு மட்டும் 'பணியில் உள்ளோருக்குச் சலுகை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. காரியமும் நடந்திருக்கும், பழைய குறிப்பும் கம்பீரமாக அப்படியே நின்றிருக்கும்.

"ரொம்ப நன்றிண்ணா" என்றாள் செங்கமலம். "எங்க பாறைச் சரிவுல எல்லாரும் உங்களைத்தான் கும்பிடறாங்க."

"போய்ப் படி" என்றார் அவர், கரகரத்த குரலில். "என்னை சார்னு கூப்பிடு."

மூன்று வருடத்தில் அவள் நர்ஸானாள். பாறைச் சரிவுக்கு முதல் நர்ஸ் போனாள். அந்த மழைக்காலத்தில் அங்கே பிறந்த ஏழு குட்டிகளும் பிழைத்தன. அது நல்லபடியாகவே நடந்தது. அதைப் பற்றிக் கதை சொல்ல அதிகமாக ஒன்றுமில்லை.

தணிகாசலத்துக்குத்தான் ஆறவில்லை. அவள் அறையை விட்டு வெளியேறிய அன்றே ஒரு புதுப் படிவம் தயாரித்தார். இணையப் பள்ளியில் படித்த ஒவ்வொருவரும், தாம் நேரில் சென்று படிக்காமல் போனதற்கான காரணத்தை மூன்று பிரதிகளில் எழுதி, நேரில் படித்த இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, நேரில் வந்து கொடுக்க வேண்டும். கஜலட்சுமி அம்மாள் கையெழுத்துப் போட்டார். அவருடைய கண்ணாடி அதற்குள் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

நீதி: எந்தப் பள்ளியில் படித்தாலும் சான்றிதழ் செல்லும், அதைச் சரிபார்க்க வேண்டியவரும் அதே வகுப்பில் உங்கள் தயவில் பாஸாகியிருந்து, உங்கள் நல்ல மனதை மிரட்டல் என்று நம்பினால் போதும்.